பரண்மேல் இருக்கும் சுப்ரபாதம்

ஓசூர் நகரை அடுத்துள்ளது தொரப்பள்ளி. மூதறிஞர் ராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக விளங்குகிறது. ஓசூர் மலைமேல் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேஸ்வரரையும் மரகதாம்பிகையையும் தரிசித்துத் திரும்பும் அன்பர்களில் சிலர் அந்த எளிய இல்லத்தையும் கண்டு வருவது உண்டு. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியை விட, 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதிய ராஜாஜியும் 'வியாசர் விருந்து' எழுதிய ராஜாஜியுமே நம் வாசகர்களுக்கு நெருக்கமானவர்கள். அவருடைய எழுத்தைப் படித்தவர்கள் பல லட்சம் பேர். அவருடைய குரலைக் கேட்டவர்கள்?

அவர்களும் குறைவில்லை. ஆதிசங்கரரின் பஜ கோவிந்தத்தை இசைப்பேரரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய இசைத்தட்டு எந்த வீட்டில் இருந்ததோ, அந்த வீட்டில் ராஜாஜியின் குரலும் இருந்தது. பாடல் தொடங்குவதற்கு முன்பு, முதுமையின் தளர்ச்சி தெரியும் மெல்லிய குரலில் அவர் ஆங்கிலத்தில் சில வாக்கியங்கள் பேசுகிறார். ஞானமும் பக்தியும் இரு வேறு வழிகள் அல்ல என்பது அந்தப் பேச்சின் சாரம். பக்கவாத்தியம் இல்லை, சுருதி இல்லை. ஒரு முதியவர் நம் எதிரே அமர்ந்து நிதானமாகச் சொல்வது போல் இருக்கும்.

இன்று அந்தத் தட்டைப் பரணிலிருந்து இறக்கி, எப்படியோ பிழைத்திருக்கும் பழைய பிளேயரில் வைத்துப் பாருங்கள். பலருடைய வீட்டில் முதலில் கேட்பது வாணலியில் கடுகு வெடிக்கும் ஓசைதான். படபடவென்ற அந்த இரைச்சலுக்குப் பின்னால் எங்கோ தொலைவில் ராஜாஜி பேசிக்கொண்டிருப்பார். அம்மையார் பாடத் தொடங்கியதும், குரலின் வளத்தால் இரைச்சல் சற்று அடங்கியது போலத் தோன்றும். ஆனால் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள மௌனம் முழுவதும் கடுகு வெடிப்பாகவே கழியும். "தட்டு தேய்ந்துபோயிற்று" என்று சொல்லி, அதை மறுபடியும் பரணில் போடுகிறோம். வீடு மாறும்போது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

தட்டுகள் தேய்வது உண்மை. ஆனால் இரைச்சலிடும் தட்டெல்லாம் தேய்ந்த தட்டு அல்ல. பல நேரங்களில் அது அழுக்கேறிய தட்டு. அழுக்கை நீரால் கரைத்து, கரைந்த நீரை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்துவிட்டால், நாற்பது ஐம்பது ஆண்டுகளாக மறைந்து கிடந்த குரல் மீண்டும் கேட்கும். இந்த முறையை இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். நம்மைப் போன்ற, பூஜை அறையில் மட்டும் தட்டு வைத்துக் கேட்ட குடும்பங்களுக்குத்தான் அது எட்டவில்லை.

முதலில் அந்தத் தட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். நாம் 'எல்.பி.' என்று சொல்லும் பன்னிரண்டு அங்குலத் தட்டை 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. தண்ணீர்க் குழாய்கள் செய்யப்படும் பி.வி.சி. இனத்தைச் சேர்ந்த வினைல் என்ற பொருளால் ஆனது அது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் சுற்று என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரியான கணக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். அதன் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய கோடுகள் பல அல்ல, ஒரே கோடுதான். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக உள்ளே செல்லும் ஓர் உழவுச்சால். இருபது நிமிடம் பாடும் ஒரு பக்கத்தில் அந்தச் சாலை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 430 மீட்டர் வரும். ஊசி 660-க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றி, வெளிப் பிராகாரத்திலிருந்து உள்ளே உள்ளே வந்து, நடுவில் உள்ள வட்டத்தை அடைகிறது. பிரதட்சிணம் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு சற்றுப் பிடித்தமாக இருக்கும் என்பதால் சொன்னேன்.

அந்தச் சாலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். தலைமுடி ஒன்றை அதன் குறுக்கே வைத்தால் உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். சாலின் இரு சுவர்களிலும் உள்ள வளைவு நெளிவுகளே குரல். மெல்லிய ஒலிகளுக்கான நெளிவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு நுண்ணிய இடத்தில் தூசு ஒன்று விழுந்து கிடந்தால், ஊசிக்கு அது நடுவழியில் கிடக்கும் பாறை. ஊசி அதில் மோதி எழும் ஓசைதான் நாம் கேட்கும் 'டப்'.

எங்கிருந்து வந்தது அந்தத் தூசு? இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். பக்தி இசைத்தட்டுகளின் அழுக்கு தனி வகையானது. சினிமாப் பாட்டுத் தட்டு வரவேற்பறையில் இருந்தது. சுப்ரபாதத் தட்டு பூஜை அறைக்குள்ளோ அதன் வாசலிலோ இருந்தது. நாள்தோறும் விடியலில் நல்லெண்ணெய் விளக்கின் புகை, கற்பூரத்தின் கரி, சாம்பிராணி, ஊதுவத்தியின் பிசின், கைவிரலில் ஒட்டியிருந்த விபூதி, சந்தனம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டின்மேல் படிந்தன. சரஸ்வதி பூஜையன்று தட்டின்மேலேயே சந்தனப் பொட்டு வைத்த வீடுகளும் உண்டு. புகையோடு வந்த எண்ணெய்ப் பசை பசைபோலவே வேலை செய்தது. அதன்மேல் வந்து விழுந்த தூசு ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டது. உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ துடைத்தால் போகக்கூடியது அல்ல அது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்தது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடின. கருங்கல் வெட்டும் குவாரிகளும் கல்லை அறுத்து மெருகேற்றும் பட்டறைகளும் மாவட்டம் முழுவதும் பெருகின. கருங்கல் தூளில் படிகக்கல்லின் துகள் இருக்கும். அது வினைலைவிடப் பன்மடங்கு கடினமானது. அத்தகைய துகள் சாலில் கிடக்க, வைர ஊசி அதை அழுத்திக்கொண்டு செல்லும்போது இரைச்சல் மட்டுமா கேட்கும்? சாலின் சுவரே கீறப்படுகிறது. ஆகையால் அழுக்கான தட்டை "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதே அதற்குச் செய்யும் தீங்கு. கழுவிய பிறகுதான் கேட்க வேண்டும்.

"கழுவுவதற்கு இயந்திரம் எதற்கு? குழாயடியில் பிடித்துத் துடைத்தால் ஆகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர் அழுக்கைக் கரைக்கும். ஆனால் கரைந்த அழுக்கு எங்கே போகும்? துணியால் துடைக்கும்போது துணி சாலின் மேல் விளிம்பை மட்டுமே தொடுகிறது. அடியில் தேங்கிய நீர் அங்கேயே நிற்கிறது. சிறிது நேரத்தில் நீர் ஆவியாகிப் போய்விடும். அதில் மிதந்த அழுக்கு சாலின் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீராக இருந்தால் உப்பும் சேர்ந்து படியும். கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட இரைச்சல் கூடிவிட்டது என்று சிலர் அங்கலாய்ப்பதன் காரணம் இதுவே.

நம் ஆலயங்களைக் கட்டிய சிற்பிகளுக்கு இது தெரிந்த செய்தி. அபிஷேக நீரை வார்ப்பது எவ்வளவு முக்கியமோ, அதை வெளியேற்றுவதும் அவ்வளவு முக்கியம் என்று கருவறையின் வடபுறத்தில் கோமுகியை வைத்தார்கள். கோமுகி இல்லாத கருவறையை எண்ணிப் பாருங்கள்! பாலும் தயிரும் சந்தனமும் உள்ளேயே தேங்கி நிற்கும். இசைத்தட்டைக் கழுவும் இயந்திரத்தில் உள்ள உறிஞ்சுகுழாய்தான் தட்டின் கோமுகி.

இயந்திரம் பார்வைக்கு ஒரு பெரிய ரிக்கார்டு பிளேயர் போலவே இருக்கும். தட்டைச் சுழல்மேடையில் வைத்து நடுவில் திருகி இறுக்குவார்கள். காய்ச்சி வடித்த நீரில் மிகச் சிறிதளவு மென்மையான சோப்புத் திரவம் கலந்த கலவையைத் தட்டின்மேல் ஊற்றி, மெல்லிய தூரிகையால் சால் செல்லும் வழியிலேயே பரப்புவார்கள். குறுக்கே தேய்ப்பதில்லை. ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு உறிஞ்சுகுழாயைத் தட்டின்மேல் இறக்குவார்கள். தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை நீண்டிருக்கும் அந்தக் குழாயின் அடியில் மெல்லிய பிளவு உண்டு. பிளவின் இரு உதடுகளிலும் வெல்வெட் துணி ஒட்டப்பட்டிருக்கும். விசையைப் போட்டதும் பெருத்த ஓசையோடு காற்று உள்ளே இழுக்கப்பட, நீரும் நீரில் கரைந்த அழுக்கும் சாலின் அடிவரை உறிஞ்சப்பட்டு, இயந்திரத்தின் அடியில் உள்ள தொட்டிக்குள் போய்விடும். தட்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் உலர்ந்துவிடும். அதற்கு மேல் உறிஞ்சக் கூடாது. உலர்ந்த வினைல்மேல் வெல்வெட் உரசினால் மின்னூட்டம் ஏறி, அறையில் உள்ள தூசையெல்லாம் தட்டு தன்பால் இழுத்துக்கொள்ளும். பின்னர் சோப்பு கலவாத வடிநீரால் மறுமுறை கழுவி, மறுமுறை உறிஞ்ச வேண்டும்.

இந்த யோசனைக்கு ஒரு சிறு முன்கதை உண்டு. தூசை ஊதித் தள்ளும் கருவிகளே இருந்த காலத்தில், அதை ஏன் உறிஞ்சக் கூடாது என்று எண்ணியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர். 1901-இல் அவர் அமைத்த இயந்திரம், குதிரை வண்டியில் வைத்து இழுத்துச் செல்லும் அளவு பெரியது. மறு ஆண்டு ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்பு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களை அதுவே தூய்மை செய்தது. அந்த யோசனையை இசைத்தட்டுக்குக் கொண்டு வந்தவர்களும் ஆங்கிலேயர்களே. கீத் மங்க்ஸ் என்பவர் பெயரால் வந்த இயந்திரத்தில் வெல்வெட் பிளவுக்குப் பதிலாக, மெல்லிய முனையொன்று சால் சாலாக நகர்ந்து நீரை உறிஞ்சும். முனைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு நைலான் நூல் ஓடிக்கொண்டே இருக்கும். அழுக்கேறிய நூல் விலகப் புதிய நூல் வந்துகொண்டிருக்கும். பி.பி.சி. வானொலியின் இசைத்தட்டு நூலகத்தில் இந்த இயந்திரங்கள் பயன்பட்டன. அமெரிக்காவில் வி.பி.ஐ. போன்ற நிறுவனங்கள் வெல்வெட் பிளவு முறையைப் பரப்பின.

சென்ற ஆண்டு கிருஷ்ணகிரியில் என் அத்தையின் வீட்டில் இருந்த வேங்கடேச சுப்ரபாதத் தட்டை இவ்வாறு கழுவிக் கொடுத்தோம். 1963-இல் எம்.எஸ். அம்மையார் பாடி வெளிவந்த, நாம் எல்லோரும் அறிந்த அதே பதிவுதான். அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. அந்தத் தட்டை எடைக்குப் போடச் சொல்லிப் பேரன் இரண்டு முறை இறக்கி வைத்தும், இரண்டு முறையும் மீண்டும் மேலே ஏற்றச் சொன்னவர் அவர். தொட்டியில் சேர்ந்த நீர் கடுங்காப்பியின் நிறத்தில் இருந்தது. அத்தை அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனையும் பெருமாளுக்குக் காட்டின புகைதானேடா?" என்றார். தட்டு பாடத் தொடங்கியதும் முதலில் எங்களுக்குக் கேட்டது தம்பூரா. அடிகளுக்கு இடையே அது நீரோட்டம் போல் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை ஆண்டும் அங்கே தம்பூரா இருந்ததே எங்களில் பலருக்குத் தெரியாது. அம்மையாரோடு இணைந்து பாடும் ராதா விஸ்வநாதனின் குரல் தனியே பிரிந்து கேட்டது. சில இடங்களில் 'டப்' என்ற ஓசை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது கடுகு வெடிப்பாக இல்லை, எப்போதோ ஒன்று.

'எப்போதோ ஒன்று' என்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் அழுக்கை எடுக்கும், காயத்தை ஆற்றாது. ஒரே இடத்தில் 1.8 விநாடிக்கு ஒரு முறை தவறாமல் 'டப்' என்று கேட்டால் அது தூசு அல்ல. தட்டின் குறுக்கே விழுந்த கீறல். ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அதைக் கடக்கிறது. உச்ச ஸ்தாயியில், அதுவும் தட்டின் உட்பகுதியில், குரல் கரகரப்பாகச் சிதறினால் அது தேய்வு. மழுங்கிய ஊசியோடும் மிகுந்த எடையோடும் ஓடிய பிளேயர்களின் வேலை அது. இவை இரண்டும் கழுவினாலும் போகா. அதனால், கழுவுவதற்கு முன்பு தட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மங்கலான படலம் போலத் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. வெண்மையான கீறல்கள் பளிச்சென்று தெரிந்தால் ஓரளவு பலனே கிடைக்கும். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிப் பிளேயர் வைத்திருப்பவர்கள், கழுவிய தட்டைப் பழைய ஊசிக்குக் கீழே வைக்க வேண்டாம். புதிய ஊசி மாற்றிக்கொண்டு கேளுங்கள்.

கோயில் திருவிழாக்களில் பாடிய தட்டுகள் படும் பாடு தனிக்கதை. பந்தலில் புழுதிக்கு நடுவே, விநாயகருக்குச் சீர்காழி கோவிந்தராஜன், முருகனுக்கு டி.எம்.எஸ்., அம்மனுக்கு எல்.ஆர். ஈஸ்வரி என்று முறைவைத்து ஓடிய 'சவுண்டு சர்வீஸ்' தட்டுகளில் முழுமையாக மீண்டு வருபவை மிகக் குறைவு. ஊருக்கெல்லாம் பாடித் தேய்ந்த அவற்றைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. உங்கள் வீட்டில் இருப்பது வினைல் தட்டா, அரக்குத் தட்டா என்று தெரியாமல் எதையும் அதன்மேல் ஊற்றாதீர்கள். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுற்றும், கனமான, கீழே விழுந்தால் ஓடு போல் உடையும் பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. பாண்டவர்களுக்காகக் கட்டிய மாளிகையில் இருந்த அதே அரக்குதான். மரக்கிளைகளில் ஒரு வகைப் பூச்சி சுரக்கும் பிசின் அது. நம் நாட்டின் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து உலகமெங்கும் சென்றது. அதோடு கல்தூளைக் கலந்து அழுத்தித் தட்டுகள் செய்தார்கள். இயல்பிலேயே அவற்றில் ஓர் இரைச்சல் உண்டு. கழுவினால் குறையுமே தவிர நீங்காது.

அரக்கு சாராயத்தில் கரையும். தச்சர்கள் மரச்சாமான்களுக்குப் பூசும் பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதான். வினைல் தட்டுக்குச் சிலர் பயன்படுத்தும் ஸ்பிரிட் கலந்த திரவத்தை அரக்குத் தட்டின்மேல் ஊற்றினால், கண்ணெதிரே குரல் கரைந்து போகும். கே.பி. சுந்தராம்பாள், தண்டபாணி தேசிகர் ஆகியோரின் இளமைக் காலக் குரல்கள், 1926-இல் பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். பாடிய முதல் பதிவு எல்லாம் அரக்குத் தட்டில் வந்தவையே. அவற்றுக்கு வடிநீரும் ஓரிரு துளி மென்மையான சோப்பும் போதும். ஊறவிடாமல், உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்ற சேகரிப்பாளர்கள் இத்தகைய தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்திராவிட்டால், அந்தக் குரல்களில் பல இன்று பெயராக மட்டுமே நின்றிருக்கும்.

எல்லைப்புறத்து வீடுகளில் உள்ள தட்டுகளைப் பற்றி ஒரு சொல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். இங்குள்ள குடும்பங்களின் பரண்களில் கந்த சஷ்டி கவசம் பாடிய சூலமங்கலம் சகோதரிகளோடு தியாகராஜ கீர்த்தனைகளும், பீம்சேன் ஜோஷி பாடிய கன்னட தாசர் பதங்களும் ஒன்றாகவே கிடக்கும். பெங்களூருக்கு மாறிச் செல்லும் பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்று முதலில் கழிப்பது இவற்றைத்தான். பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பார்கள். புகழ்பெற்ற பதிவுகள் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் சிறிய எண்ணிக்கையில் வெளியாகி, மறுபதிப்புக் காணாத தலப்பாடல்களும் உபந்யாசங்களும் தட்டோடு போனால் போனவையே. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்க்காமல் மொத்தமாகக் கட்டித் தூக்கிக் கொடுப்பதுதான் வருத்தம்.

இயந்திரத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வருபவை விலை மிகுந்தவை. ஒரு குடும்பம் நாலைந்து தட்டுக்காக வாங்கக் கூடியவை அல்ல. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் இத்தகைய இயந்திரம் வைத்திருக்கும் இசை ஆர்வலர்களும் பழைய இசைத்தட்டு விற்பவர்களும் உண்டு. கேட்டால் கழுவித் தருவார்கள். அதைவிட, ஓசூரிலேயே செய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். கைக்கடிகாரமும் மோட்டார் வாகனமும் செய்யும் ஊரில், ஒரு தூசுகூடப் புகாத கூடங்களில் ஆயுட்காலம் முழுவதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இயந்திரத்தின் இண்டு இடுக்கில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடியில் பிளவுள்ள ஒரு குழாய், அதன் உதட்டில் ஒட்டிய வெல்வெட், மெதுவாகச் சுழலும் ஒரு மேடை, நீரை உறிஞ்சக்கூடிய ஒரு வாக்குவம் கிளீனர்: இவ்வளவே அந்த இயந்திரம். ஒரு தெருவுக்கு அல்லது ஒரு பஜனை மண்டலிக்கு ஒன்று இருந்தால் போதும்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு பெருக்கும் சாதாரண வாக்குவம் கிளீனர் உலர்ந்த தூசுக்கு மட்டுமே உரியது. அதில் நீரை உறிஞ்சினால் நீர் மோட்டாருக்குள் சென்று மின்சாரம் தாக்கும். 'ஈரமும் உலர்வும்' என்று இரண்டுக்கும் குறித்து விற்கப்படும் வகைதான் வேண்டும். வயதானவர்கள் தனியே இந்த வேலையில் இறங்க வேண்டாம். வீட்டில் உள்ள இளைஞர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வடிநீர் என்று கேட்டுப் பேட்டரிக் கடையில் வாங்கும்போது அது நீர்தானா, அமிலம் அல்லவே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் தட்டின்மேல் படக் கூடாது. நடுவில் ஒட்டியிருக்கும் காகித வட்டம் நனையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாடியவர் பெயரும் பாடலின் பெயரும் அதில்தான் இருக்கின்றன.

மார்கழி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் திருப்பி வைக்காதீர்கள். ஐம்பது ஆண்டுத் தூசு அந்த உறைக்குள்ளும் இருக்கிறது. அட்டைப் பெட்டியின் மேலுறையைப் பத்திரப்படுத்திக்கொண்டு, உள்ளே புதிய உறை போட்டு, புத்தகத்தை நிறுத்துவது போலச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஓசூரின் பனிக்காலத்தில் சுவரோரம் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் சுவரை ஒட்டி வேண்டாம். விளக்கின் புகை எட்டாத இடமாக, பூஜை அறைக்கு வெளியே ஓர் அலமாரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாட்டு அங்கிருந்தும் சுவாமிக்குக் கேட்கும்.